நட்டது தெரியாத தோட்டம்

சியாட்டிலில் ஆண்டு முழுக்க மழை என்று ஊரில் இருக்கும் உறவினர்கள் நினைக்கிறார்கள். இங்கே வீடு வாங்கிக் குடியேறுகிற நம்மவர்களும் அப்படியே நம்புகிறார்கள். கணக்கு வேறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது; சியாட்டிலில் சுமார் 1,000 மி.மீ. அந்த ஆயிரத்தின் பெரும்பகுதியும் அக்டோபரிலிருந்து வசந்தம் வரை தூறித் தூறியே தீர்ந்துவிடும். ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து 40 மி.மீ. தேறினால் பெரிது. இது பிடிபடாததால்தான் மே மாதத்தில் நர்சரிகளில் கூட்டம் அலைமோதுகிறது. செப்டம்பரில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் காய்ந்த செடிகள் தலைநீட்டுகின்றன.

எனக்குப் பகலில் தணிக்கை வேலை, மாலையில் மண்வெட்டி. வீட்டின் பின்புறம் கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இடம். அதில் பாதிக்கு மேல் டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரங்களின் நிழல். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளின் கொல்லை இப்படித்தான் இருக்கும். அதில் புல்தரையும் ரோஜாவும் வைக்கப் போராடாமல், காடுபோலத் தோன்றும் தோட்டமாக மாற்றுவது எப்படி என்பதை எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கடல் காற்றால் குளிர் தணிந்து இதமாக இருக்கும் கரைகளில் உலகின் அருமையான இயற்கைப் பாணித் தோட்டங்கள் சில இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இன்வர்யூ, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ட்ரெஸ்கோ, அயர்லாந்தில் மவுண்ட் அஷர், எங்கள் பக்கம் பெயின்பிரிட்ஜ் தீவில் ப்ளோடெல் ரிசர்வ். இவற்றின் வரலாற்றைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்: பூச்செடி நடுவது கடைசி வேலை. முதலில் காற்றைக் கவனித்திருக்கிறார்கள், பிறகு வேண்டாததைக் களைந்திருக்கிறார்கள், பிறகு தரையைப் பார்த்திருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறோம்.

காற்று

1862இல் ஆஸ்குட் மெக்கன்சி என்பவர் இன்வர்யூவில் வேலையைத் தொடங்கியபோது அது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த வெறும் பாறைமேடு. மரம் என்று சொல்ல இரண்டொரு குட்டை வில்லோ புதர்கள்தான். மாஸ்கோவைவிட வடக்கே இருக்கும் இடம் அது. ஆனாலும் அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைக் கடும் உறைபனியிலிருந்து காக்கிறது. அங்கே செடிகளுக்கு எமன் குளிர் அல்ல, உப்பைச் சுமந்து வரும் புயல்காற்று. மெக்கன்சி முதலில் ஸ்காட்ஸ் பைன், கார்சிகன் பைன் போன்ற மரங்களால் சுற்றிலும் காப்பு வரிசை அமைத்தார். கூடைகளில் மண் சுமந்து வரச் செய்து பாறைப் பொந்துகளில் நிரப்பினார். மரங்கள் வளர்ந்து காற்றை மறைக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. நியூசிலாந்து, சிலி, இமயமலைச் செடிகளெல்லாம் அதன் பிறகுதான் அங்கே நிலைத்தன.

நமக்கு 20 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. எனவே வீடு வாங்கிய கையோடு "வெளிச்சம் போதவில்லை" என்று மரத்தை வெட்ட ஆள் கூப்பிடாதீர்கள். கூட்டமாக வளர்ந்த ஊசியிலை மரங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்பவை. நடுவில் இரண்டை வெட்டினால், அதுவரை புயலை நேராகச் சந்தித்திராத மற்ற மரங்கள் அடுத்த நவம்பரில் கூரைமேல் சாயலாம். 2024 நவம்பர் புயலுக்குப் பிறகு பயத்தில் நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளியவர்கள் இதை யோசிக்கவில்லை. சந்தேகம் இருந்தால் சான்றிதழ் பெற்ற மர வல்லுநரை அழைத்து, எந்த மரம் உண்மையிலேயே நோயுற்றது என்று எழுதி வாங்குங்கள். சரிவான நிலமென்றால் வெட்டுவதற்கு நகராட்சி அனுமதியும் தேவைப்படலாம்.

வெளிச்சம் வேண்டுமானால் அடிக்கிளைகளை மட்டும் கழியுங்கள். உயிருள்ள பச்சைக் கிளைகளில் கால்பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. உச்சியை வெட்டவே கூடாது. அடிக்கிளைகள் போனதும் காலையிலும் மாலையிலும் சாய்ந்து நுழையும் வெயிலே பெரணிகளுக்குப் போதும்.

மரமில்லாத பக்கம் காற்று அடித்தால் பலகை வேலி உதவாது. கெட்டியான வேலியில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடியைப் பிய்க்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும் புதர்வரிசையே நல்லது. பசிபிக் வாக்ஸ் மிர்ட்டில், எவர்கிரீன் ஹக்கிள்பெர்ரி இரண்டும் ஆண்டு முழுதும் இலையோடு நிற்பவை. அவற்றைக் கலந்து நடுங்கள். ஒரே இனத்தை நேர்கோட்டில் நடாதீர்கள். ட்ரெஸ்கோவில் கலிபோர்னியாவின் மான்டரே பைன், மான்டரே சைப்ரஸ் மரங்களை நம்பி அமைத்திருந்த காப்பு வரிசைகளில் பெரும்பகுதி 1990 ஜனவரிப் புயலில் சரிந்துவிட்டது. ஒரே வயது மரங்கள் ஒரே காலத்தில் மூப்படையும்.

களைதல்

இந்த வேலைக்குத்தான் அதிக உடலுழைப்பு. இதற்குத்தான் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

எங்கள் பகுதியில் மூன்று எதிரிகள்: ஐவிக் கொடி, ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள், ஹாலி என்னும் முள்ளிலைப் புதர். ஐவி மரத்தில் ஏறிவிட்டால் மரத்தின் எடை கூடுகிறது. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காததால் புயலில் கப்பல் பாய் விரித்தாற்போல் காற்றை வாங்குகிறது. உச்சிவரை ஏறிய கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். பட்டுப்போன கிளையும் சேர்ந்து தலையில் விழும். மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு. இடையிலுள்ள கொடிகளை உரித்தெடுங்கள். மரப்பட்டையைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது தானாகக் காய்ந்து உதிரும். மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம்வரை தரையில் உள்ள ஐவியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். ஐவியின் பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் எழுப்பும்.

பிளாக்பெர்ரியை வெட்டுவதோடு விடுவது வீண்வேலை. முள்தண்டுகளை அரைமீட்டர் விட்டு வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் குச்சியைப் பிடித்தபடி அடியிலுள்ள கிழங்கு போன்ற முடிச்சைக் கடப்பாரையால் நெம்புங்கள். முடிச்சு வந்தால்தான் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது இதைச் செய்தால் இடுப்பு பிழைக்கும். மார்ச் முதல் ஜூலை வரை புதர்களில் பறவைகள் கூடு கட்டும். அந்த மாதங்களில் கத்தியை உள்ளே வையுங்கள்.

களைந்ததும் உடனே எதையும் நடாதீர்கள். ஒரு வசந்தம் முழுக்கச் சும்மா விட்டுப் பாருங்கள். ஐவிக்கு அடியில் அமுங்கிக்கிடந்த சோர்ட் ஃபெர்ன் பெரணிகள் நிமிரும். ஓரிகன் கிரேப் புதர் முளைக்கும். அதிர்ஷ்டமிருந்தால் டிரில்லியம் மூன்று இலை விரித்து எழும். காசு கொடுத்து வாங்க நினைத்ததில் பாதி அங்கேயே இருக்கும்.

பெருந்தோட்டங்களில் பார்த்து மயங்கியதையெல்லாம் வாங்கி வருவதிலும் கவனம் தேவை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து தோட்டங்களின் வேலிக்காக நட்ட ரோடோடெண்ட்ரான் பான்டிகம் என்ற பூம்புதர் இன்று அயர்லாந்தின் கில்லார்னி காடுகளில் மற்றச் செடி முளைக்கவிடாமல் பரவிக்கிடக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் குடை அளவுக்கு இலை விரிக்கும் கன்னெராவுக்கும் பிரிட்டனில் இப்போது தடை வந்திருக்கிறது. எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் பட்லியா என்ற பட்டாம்பூச்சிப் புதரே தீய களைகளின் பட்டியலில் இருக்கிறது. நர்சரிக்குக் கிளம்பும் முன் உங்கள் மாநிலத்தின் பட்டியலை ஒருமுறை புரட்டுங்கள்.

தரை

ப்ளோடெல் ரிசர்வுக்கு சியாட்டிலிலிருந்து படகில் போக வேண்டும். மரக்கம்பெனி முதலாளியான ப்ரென்டிஸ் ப்ளோடெலும் அவர் மனைவி விர்ஜினியாவும் 1951இல் வாங்கிய இடம்; 1988இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மரம் வெட்டியே செல்வம் சேர்த்த ஒருவர், ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் தீர்த்த காட்டில் மீண்டும் வளர்ந்த மரங்களோடு பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறார். அங்கே ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் அமைத்த பாசித் தோட்டத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பார்த்தால் மனிதக் கை பட்டதாகத் தெரியாது. பழைய சீடர் மர அடிக்கட்டைகள், அவற்றைச் சுற்றித் தரையெங்கும் பச்சை. ஆனால் முதலில் அங்கே நட்டது பாசியே அல்ல. ஐரிஷ் மாஸ் என்று நர்சரிகளில் விற்கும் குட்டைப் பூச்செடி. அது தரையை மூடிக் களையைத் தடுத்து ஈரத்தைப் பிடித்துவைக்க, அந்த மண்ணுக்கே உரிய பாசிகள் மெதுவாக வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காலையில் சீக்கிரம் போனால் தோட்டப் பணியாளர்கள் மண்டியிட்டு விரல்நுனியால் புல் முளைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தோட்டத்தின் ரகசியம் அதுதான். வேறு மந்திரம் கிடையாது.

வீட்டில் இதைச் செய்ய, புல்தரையில் பாசி எங்கே படையெடுத்திருக்கிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்கம்பக்கத்தார் பாசியைக் கொல்ல மருந்து தெளிப்பார்கள். நீங்கள் புல்லைப் பிடுங்குங்கள். நிழலும் இறுகிய புளிப்பு மண்ணும் பாசிக்குப் பிடித்தவை. சுண்ணாம்பு போடாதீர்கள், மண்ணைக் கொத்திவிடாதீர்கள். வெற்றிடங்களில் வேறிடத்துப் பாசித் துண்டுகளை வைத்துக் காலால் மிதித்து அழுத்துங்கள். இதை அக்டோபரில் தொடங்கினால் மழைக்காலம் முழுக்கப் பிடித்து வளரும். காகங்கள் புழு தேடிப் பாசியைத் தோசை திருப்புவதுபோல் புரட்டிப் போடும். திரும்பவும் அழுத்திவையுங்கள், ஒட்டிக்கொள்ளும். கோடையில் பழுப்பாகிவிடும், செத்துவிட்டதென்று கவலைப்பட வேண்டாம், முதல் மழைக்குப் பச்சை திரும்பும். காய்ந்திருக்கும்போது மிதித்தால் மட்டும் பொடிந்துவிடும்.

பாசியின்மேல் இலைச்சருகு தங்கக் கூடாது, மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். மற்ற இடங்களில் சருகைத் தொடவே கூடாது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்த வேறுபாடு அவருக்குப் பிடிபடவில்லை. "வாசலைப் பெருக்காத வீடு விளங்குமா?" என்று கேட்டபடி, நான் பெரணிகளுக்கு நடுவே சேர்த்துவைத்திருந்த மேப்பிள் சருகு முழுவதையும் பைகளில் கட்டிவிட்டார். அன்று மாலை அவர் தூங்கியபிறகு பைகளைத் திரும்பக் கொட்டினேன்.

சருகு போதாத இடத்துக்கு மரத்துகள் போடுங்கள். கடையில் பைகளில் விற்கும் சாயம் பூசியதை அல்ல. மரம் வெட்டும் நிறுவனங்கள் கிளைகளை அரைத்து லாரியில் ஏற்றிச் செல்லும் கரடுமுரடான துகளை. கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு சாண் உயரம் வேண்டாம், நான்கு விரற்கடை போதும். அடிமரத்தைத் தொடாமல் கையகல இடைவெளி விடுங்கள். அதை மண்ணோடு கலக்காதீர்கள். மேலே கிடந்து மெல்ல மட்கட்டும்.

பழைய அடிக்கட்டை இருந்தால் அதை எந்திரம் வைத்து அரைத்துவிடாதீர்கள். என் கொல்லையில் ஒரு சீடர் கட்டை நிற்கிறது, இடுப்பளவு உயரம். அதன் பக்கவாட்டில் வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டு இருக்கும். அக்காலத்து மரவெட்டிகள் பலகை செருகி அதன்மேல் நின்று அறுத்த அடையாளம் அது. கட்டையின் தலையில் செந்நிற ஹக்கிள்பெர்ரி ஒன்று தானாக முளைத்து, வேரை மட்கிய மரத்துக்குள் இறக்கியிருக்கிறது. பறவை போட்ட விதையாக இருக்க வேண்டும். இங்கத்திய காடுகளில் ஹெம்லாக் மரக்கன்றுகளும் இப்படி விழுந்த மரங்களின்மேல்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. மட்கும் கட்டை கோடையிலும் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். கட்டை இல்லாதவர்கள், புயலில் விழுந்த தடித்த கிளையொன்றை மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்துவையுங்கள்; அதையொட்டிப் பெரணி நடுங்கள்.

நடவு

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். இங்கே பட்டம் ஐப்பசி. அக்டோபர் பாதியில் மழை பிடித்துவிடும், மண்ணில் கோடையின் சூடு இன்னும் இருக்கும். மேலே இலை உதிர்ந்து செடி உறங்குவதுபோல் தெரிந்தாலும் அடியில் வேர் நடந்துகொண்டே இருக்கும். அடுத்த ஜூலைக்குள் அதற்கு எட்டு மாத வேர் இருக்கும். மே மாதம் நட்ட செடிக்கு ஆறே வாரம்தான்.

பெரிய மரங்களின் அடியில் நடும்போது பெரிய தொட்டிச் செடி வாங்காதீர்கள். அதற்குக் குழி தோண்டினால் மரத்தின் வேர்களை அறுக்க வேண்டிவரும். உள்ளங்கையில் அடங்கும் சிறு தொட்டிச் செடிகளே போதும். வேர்களுக்கு இடையில் கையால் துழாவி இடம் பார்த்து நடலாம். கவுண்டி கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்டுகள் என்னும் வட்டார நிலப் பாதுகாப்பு அமைப்புகள் குளிர்காலத்தில் முன்பதிவு வாங்கி, மண்ணில்லாத வேருடன் உள்ளூர் நாற்றுகளை மலிவாகத் தருகின்றன. நாற்று வந்த அன்றோ மறுநாளோ நட்டுவிட வேண்டும்.

தொட்டிச் செடியென்றால் தொட்டிமண்ணை வாளி நீரில் அலசிவிட்டு வேரைப் பாருங்கள். தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரைப் பிரித்து விரியுங்கள், பிரியாததை வெட்டுங்கள். குழியில் உரமோ மட்கோ போட வேண்டாம்; எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். எங்கள் நிலம் பனிப்பாறை அழுத்திச் சென்ற நிலம். முழங்கை ஆழத்திலேயே கடப்பாரை 'ணங்'கென்று நிற்கும். குழியில் மட்டும் பஞ்சுபோன்ற மண்ணை நிரப்பினால் மழைநீர் அங்கே தேங்கி வேர் அழுகும்.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை, குழாயை மெல்லத் திறந்து வேரடியில் நெடுநேரம் விடுங்கள். தினமும் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே நிறுத்திவிடும். மூன்றாம் கோடையில் குறைத்துப் பாருங்கள். 2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் 108 ஃபாரன்ஹீட் அடித்ததே, அப்படிப்பட்ட நாள் வருகிறதென்றால் முந்தைய நாளே எல்லாவற்றுக்கும் நீர் காட்டிவிடுங்கள். வயதான சீடர் மரங்களுக்கும் சேர்த்து. கோடை வறட்சி நீளத் தொடங்கியதிலிருந்து அவைதான் முதலில் உச்சி காய்கின்றன.

நிழலுக்கு என் பட்டியல் சிறியது: சோர்ட் ஃபெர்ன், சலால், எபிமீடியம், ஹெல்லிபோர், சைக்ளமென். ஐவி இலைச் சைக்ளமென் கோடை முழுக்கக் கிழங்காக உறங்கி, மழை வரும்போது பூத்துக்கொண்டு எழும். இந்த ஊர் வானத்துக்கு அளவெடுத்துத் தைத்த செடி. ரோடோடெண்ட்ரான் வைப்பதானால் வேர்ப்பந்தின் தலை மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி நடுங்கள், ஆழப் புதைத்தால் போய்விடும். நீலகிரிச் சோலைகளில் சிவக்கப் பூக்கும் காட்டுப்பூவரசும் இந்தக் குடும்பம்தான். இங்கே ஃபெடரல் வே நகரிலுள்ள ரோடோடெண்ட்ரான் தாவரவியல் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கொல்லை முழு வெயிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் ஆகாது. அவர்கள் பார்க்க வேண்டியது டான் ஹிங்க்லி என்ற தோட்டக்கலைஞர் இண்டியனோலாவில் கடலைப் பார்த்த மேட்டின் மேல் அமைத்த விண்ட்கிளிஃப் தோட்டம். அங்கே வெயில் படும் மேட்டில் காண்பது வேறு. காற்றில் அசையும் புற்கள், நடுவே தென்னாப்பிரிக்காவின் அகபாந்தஸ், இவைபோலக் கோடை வறட்சியைத் தாங்கும் கூட்டம். ஒரே வட்டாரத்தில் நிழலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரண்டு வேறு தோட்டங்கள், இரண்டும் அதனதன் இடத்துக்குச் சரி.

பாதையும் பார்வையும்

பாதையை வரைபடத்தில் போடாதீர்கள். ஒரு குளிர்காலம் முழுக்க நடந்து பாருங்கள். கால் தானாகப் போகும் வழியில் மரத்துகளைக் கொட்டுங்கள். ப்ளோடெலில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நெடுநேரம் கடல் கண்ணில் படாது. புல்வெளி, பறவைகள் திரியும் குளம், அடர்ந்த காடு எல்லாம் கடந்து வீட்டின் பின்புறம் வந்தபிறகுதான் நீர் விரியும். சிறு கொல்லையிலும் இதைச் செய்யலாம்: பாதையின் முதல் வளைவில் ஆளுயரப் புதர் ஒன்றை வையுங்கள், பின்னால் இருப்பதை அது மறைக்கட்டும். அங்கே ஒரு கல்லோ நாற்காலியோ போதும், புத்தர் சிலையெல்லாம் வேண்டாம்.

ப்ளோடெலைப் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே நேரம் குறித்து எடுத்துவிடுங்கள். ஏப்ரலில் பூவுக்காக எல்லோரும் போவார்கள். பிப்ரவரியில் தூறலில் ஒருமுறையும் ஆகஸ்டின் கடைசியில் ஒருமுறையும் போங்கள். பூ இல்லாதபோதும் காய்ந்தபோதும் தோட்டம் எதனால் நிற்கிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் தேவையில்லை, நல்ல நடைபாதைதான். கையில் சிறு குறிப்பேடு எடுத்துக்கொண்டு, எந்தச் செடி எதன் நிழலில், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை மட்டும் எழுதிவாருங்கள். செடியின் பெயரைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.